மாப்பிள்ளைக்கே தெரியாத கல்யாணம்: ஃபிலிம் சொசைட்டி நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, கோவை, மதுரை என்று ஊர் ஊராக உலக சினிமா திரையிட்டு வரும் நண்பர்களுக்கு, வணக்கம்.

ஜெர்மன் மௌனப்படம் என்று நீங்கள் அறிவித்தாலே அது எந்தப் படம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். காலிகாரி, இல்லையென்றால் நோஸ்ஃபெராட்டு, அதுவும் இல்லையென்றால் மெட்ரோபோலிஸ். இருளும் அச்சமும் நிறைந்த இந்த மூன்றும் பெரிய படங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இவற்றையே பார்த்துப் பார்த்து, அந்தக் காலத்து பெர்லின்காரர்கள் ராத்திரி முழுக்கக் கெட்ட கனவு கண்டு அலறிக்கொண்டே இருந்தார்கள் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள் போலிருக்கிறது. அவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்கவும் செய்தார்கள். சிரிக்கவைத்தவர்களில் முக்கியமானவர் இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ச், பெர்லின் தையற்காரர் ஒருவரின் மகன். 1919 டிசம்பரில் வெளியான அவருடைய ‘டி புப்பெ’, அதாவது ‘பொம்மை’, உங்கள் அடுத்த தொடரில் இடம்பெற வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கதையைச் சொன்னால் சுவை கெட்டுவிடாது, தைரியமாகச் சொல்கிறேன். வாரிசு வேண்டும் என்று துடிக்கிற பணக்கார மாமா. பெண் என்றாலே நடுங்குகிற மருமகன் லான்ஸ்லாட். பெண் தேடும் செய்தி பரவியதும் ஒரு பெருங்கூட்டமே தெருத்தெருவாக அவனைத் துரத்த, அவன் ஒரு மடத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறான். கல்யாணம் செய்துகொண்டால் மாமா தருகிற பெருந்தொகை மடத்துச் சாமியார்கள் காதில் விழுகிறது. அவர்கள் ஒரு யோசனை சொல்கிறார்கள்: பொம்மையைக் கட்டிக்கொள், மாமாவிடம் பெண் என்று சொல், பணத்தை எங்களிடம் கொடு. ஹிலாரியுஸ் என்கிற பொம்மைக்காரர் தன் மகளின் அச்சு அசலாக அசையும் பொம்மை ஒன்று செய்து வைத்திருக்கிறார். அவருடைய கடைப்பையன் அதனுடன் ஆடப்போய்க் கையை உடைத்துவிடுகிறான். திட்டு விழாமல் இருக்க, மகளே பொம்மையாக நிற்கிறாள். லான்ஸ்லாட் அவளைத்தான் வாங்கிக்கொண்டு போய்த் தாலி கட்டாத குறையாகக் கல்யாணமும் செய்துகொள்கிறான். ஊரறிய நடந்த கல்யாணம்தான். ஆனால் நிஜமான பெண்ணோடு நடந்தது என்பது மாப்பிள்ளைக்கே தெரியாது!

மகளாக நடித்த ஒஸ்ஸி ஒஸ்வால்டாவுக்காக மட்டுமே இந்தப் படத்தைப் பார்க்கலாம். கல்யாண விருந்தில் அவளைப் பாருங்கள். மேசை நிறையச் சாப்பாடு, பொம்மைக்கோ பசி. மாப்பிள்ளை முகத்தைத் திருப்பினால் போதும், கை தட்டுக்குப் போய் வாய்க்குப் போய்விடும். அவன் திரும்பும்போது மறுபடி மரக்கட்டை. ஆனால் கன்னம் மட்டும் மெல்லுகிற வேலையை முடிக்காமல் திணறும். அசையும் பொம்மையாக நடிப்பது ஒரு வித்தை. அசையக்கூடாத நேரத்தில் அசைந்துவிட்ட பெண்ணாக நடிப்பது அதைவிடப் பெரிய வித்தை. இரண்டையும் ஒரே முகத்தில் செய்கிறார்.

பெண்ணைப் பொம்மையாக்கும் கதையை இன்று எப்படிப் போடுவது என்று உங்களில் சிலர் தயங்கலாம். பிரம்மச்சாரிகள், மனைவியை இழந்தவர்கள், பெண் வெறுப்பாளர்கள் ஆகியோருக்கென்றே அந்தப் பொம்மைக்காரர் பத்திரிகையில் விளம்பரம் செய்கிறார். அந்த விளம்பரத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்? பொம்மையைப் பார்த்தா?

சாமியார்கள் விஷயமும் உண்டு. எந்நேரமும் தின்றுகொண்டே இருக்கிறார்கள். படம் வந்த ஆண்டின் ஜூலை வரை ஜெர்மனி மீது, முதல் உலகப் போரில் அதை எதிர்த்த நேசநாடுகளின் கடல் முற்றுகை இருந்தது, உணவு வருவதே தடைபட்டது. அதற்கு முன் 1916-17 குளிர்காலத்தை டர்னிப் கிழங்கைத் தின்றே ஓட்டியவர்கள் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் கொழுத்த மடத்துச் சாப்பாட்டைக் காட்டுவது எவ்வளவு துணிச்சலான நக்கல் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் அறிமுக உரைக்கும் இதில் தீனி இருக்கிறது. ஓவியமாகத் தீட்டிய காட்சி அரங்குகள் என்றாலே காலிகாரியை உதாரணம் காட்டுகிறோம். அது திரைக்கு வந்தது 1920 பிப்ரவரியில். அதற்கு முன்பே ‘பொம்மை’யில் சூரியனும் நிலாவும் முகம் வரைந்த அட்டைகள், குதிரை என்பது உள்ளே ஆள் புகுந்த தோல். படம் தொடங்கும்போது லூபிட்சே வந்து ஒரு பெட்டியைத் திறந்து, குட்டி வீடு, குட்டி மரங்கள் என்று எடுத்து அடுக்குகிறார். அடுத்த காட்சியில் அந்த வீடே ஆள் உயரத்துக்கு நிற்கிறது, கதவைத் திறந்துகொண்டு மனிதர்கள் வருகிறார்கள். காலிகாரியில் தீட்டிய அரங்கு பயமுறுத்தியது, இங்கே அது விளையாடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்த வாரம் போட்டால் ஒரு வகுப்பே எடுத்த மாதிரி.

அப்புறம், எப்படித் திரையிடுவது என்பது பற்றியும் ஒரு முறையீடு. மௌனப்படம் என்பதற்காக ஒலியே இல்லாமல் போட்டு, மின்விசிறிச் சத்தத்தில் பார்க்கவைத்த அனுபவம் எனக்கு உண்டு (எந்த ஊர் என்று சொல்லமாட்டேன்). நகைச்சுவையைக் கொல்ல அதைவிடச் சுலபமான வழி கிடையாது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் பியானோவாவது இல்லாமல் இவற்றைப் பார்க்கவில்லை. ஒரு கீபோர்டு வாசிக்கிற பிள்ளையைப் பிடித்து, முன்கூட்டியே இரண்டு முறை படத்தைப் பார்க்கவைத்தால் போதும். வேகத்தையும் கவனியுங்கள். குறைந்த வேகத்தில் எடுத்த அந்தப் படங்களை இன்றைய வினாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் ஒஸ்ஸி விருந்தில் திருடுகிற கவளத்தை யாரும் பார்க்க முடியாது. படத்தின் இடையிடையே வசனம் காட்டுகிற எழுத்து அட்டைகளைத் தமிழில் உரக்கப் படிக்கவும் ஒருவரை நிறுத்துங்கள். நம் ஊர்க் கொட்டகைகளில் மௌனப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னவர்கள் இருந்தார்களே, புதுப்பழக்கம் ஒன்றுமில்லை.

படம் ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதே ஆண்டு லூபிட்ச் எடுத்த ‘சிப்பி இளவரசி’யையும் சேர்த்தால் ஒரு மாலை நிறையும். அதில் இளவரசனின் பெயரில் வேலைக்காரன் கல்யாணம் செய்துகொண்டுவிட, நிஜ இளவரசனும் மணப்பெண்ணும் தங்களுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது தெரியாமலேயே காதலிக்கிறார்கள்!

இரண்டு படங்களின் அட்டைகளையும் தமிழாக்கித் தர நான் தயார். வேண்டுமானால் திரைக்குப் பக்கத்தில் நின்று படிக்கவும் செய்கிறேன். எந்த ஊர், எந்தத் தேதி என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் திரையிடல்களின் பின்வரிசை ரசிகன்