எந்தப் போன் அதிகம் விற்கிறது என்பதா கேள்வி?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் முதலீட்டுப் பகுதியில், ரெட்மி போன்களை விற்கும் சீன நிறுவனமான ஷாவ்மியின் பங்கைப் பற்றி எழுதியவர், உலக போன் விற்பனையில் அந்த நிறுவனம் எத்தனையாவது இடம் என்பதிலேயே பாதிப் பக்கத்தைச் செலவழித்துவிட்டார். பதினாறு வருடமாக செல்போன் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் நான். எந்தப் போன் அதிகம் போகிறது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். எதில் காசு நிற்கிறது என்று கேட்டால் டெம்பர் கிளாஸையும் கவரையும்தான் காட்டுவேன். போன் ஆளைக் கடைக்குள் அழைத்து வருகிறது, அவ்வளவுதான்.

ஷாவ்மி கணக்கும் இதற்கு ரொம்பத் தூரமில்லை. 2023-ல் அதன் மொத்த வருமானம் சுமார் 27,100 கோடி யுவான் (சீன நாணயம்). அதில் போன் விற்று வந்தது 15,750 கோடி. விளம்பரம், ஆப், கேம் என்று போனுக்குள் ஓடும் இணையச் சேவைகளில் வந்தது வெறும் 3,010 கோடி. ஆனால் அடக்கவிலை போக மிஞ்சியது, நூறு யுவானுக்குப் போனில் 15-க்கும் கீழே, சேவைகளில் 74. பெருக்கிப் பார்த்தால் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு லாபம்! ரெட்மி போனில் ஏன் அத்தனை விளம்பரம் வருகிறது என்பவர்களுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

இது ஒளிவுமறைவாக நடந்ததும் அல்ல. பங்கு வெளியீட்டுக்கு முன்பே, 2018 ஏப்ரலில், சாதன விற்பனையில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று நிறுவனர் லெய் ஜூன் வாக்குக் கொடுத்தார். போன் வாங்குகிறவருக்கு அது நல்ல சேதி. பங்கு வாங்குகிறவர் அதைக் கேட்டுக் கொஞ்சம் கலங்கியிருக்க வேண்டும். 10,000 கோடி அமெரிக்க டாலர் பெறும் என்று பேசப்பட்ட நிறுவனம், அந்த ஜூலையில் ஹாங்காங் சந்தைக்கு வரும்போது அதில் பாதியளவு மதிப்பில்தான் வந்தது. பங்கு விலை 17 ஹாங்காங் டாலர். 2021-ன் இரண்டாம் காலாண்டில் ஆப்பிளைத் தாண்டி உலகில் இரண்டாமிடம் பிடித்தபோது ஊரே கொண்டாடியது. அடுத்த வருடம் அக்டோபரில் பங்கு 10 ஹாங்காங் டாலருக்கும் கீழே கிடந்தது. நடுவில் நம் அமலாக்கத் துறை ஷாவ்மியின் இந்தியக் கம்பெனியிடமிருந்த 5,551 கோடி ரூபாயை முடக்கிய கதை வேறு. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எச்.டி.சி. என்ற தைவான் போன் கம்பெனி ஞாபகம் இருக்கிறதா? 2011-ன் மூன்றாம் காலாண்டில் அமெரிக்காவிலேயே அதிகம் ஸ்மார்ட்போன் விற்றது அதுதான். அந்த வருடம் அதன் பங்கு தைவான் சந்தையில் 1,300 தைவான் டாலரைத் தொட்டது. நான்கே வருடத்தில், கையிலிருந்த ரொக்கத்தைவிடக் கம்பெனியின் சந்தை மதிப்பு குறைந்து போனது. தயாரிப்பில் பழுது சொல்ல முடியாது, அருமையான போன்கள். ஆனால் போனை விட்டால் அவர்களுக்கு வேறு வரும்படி கிடையாது.

2024 மார்ச்சில் தானே கார் தயாரித்து விற்பனைக்கு இறக்கிய பிறகு ஷாவ்மி பங்கு நன்றாக ஏறியது, மறுக்கவில்லை. ஆனால் இப்போது வாங்குகிறவர் கார் தொழிலின் நெளிவுசுளிவையும் சேர்த்து எடைபோட வேண்டும். அது எனக்குத் தெரியாத வியாபாரம். அப்புறம், ஹாங்காங் பங்கை இங்கே வைத்திருக்கும் சாதாரண டீமேட் கணக்கில் வாங்க முடியாது. ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் வழியில் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். அதைக் கட்டுரையாளர் முதல் பத்தியிலேயே சொல்லியிருக்கலாம்.

உங்கள் பக்கத்தைக் காட்டித்தான் என் மகன், "வாங்கலாமாப்பா?" என்று கேட்டான். இத்தனையும் அவனிடம் சொன்னேன். கொஞ்சமாக வாங்கிப் பார்க்கிறேன் என்கிறான்.

– செல்போன் கடைக்காரர்,
தஞ்சாவூர்.