ஆரஞ்சுப்பழ டாக்டர் எழுதுவது

தூத்துக்குடி,
ஞாயிறு இரவு

சேவியர் மக்கா,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதாதவன் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். ஊருக்கு வந்து நாலு நாளாகிறது. அம்மா சுகம், வீட்டுக் கூரைதான் சுகமில்லை. பிரிட்டோ அந்த பைக்கை இன்னும் விற்கவில்லை. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

உன் வாட்ஸ்அப் செய்தி நான் காண்ட்ராக்ட் முடிந்து கப்பலைவிட்டு இறங்கிய அன்றே வந்துவிட்டது. ‘தம்பிக்கு அடுத்த மாதம் கப்பலில் சேர மெடிக்கல் டெஸ்ட். அதில் தப்பிக்கிற நம்ம பழைய வைத்தியத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லு.’ போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் பேனா.

கப்பலில் நடந்ததை முதலில் கேள். தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பேயில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு நம் கரைப்பக்கம் திரும்பினோம். வெல்டிங், பழுது வேலையெல்லாம் பார்க்கும் எங்கள் ஃபிட்டர் அண்ணாச்சி, குளச்சல்காரர், ஐம்பத்திரண்டு வயது. துறைமுகத்தில் நிற்கும்போது வெல்டிங் பொறி ஷூவுக்குள் விழுந்து கால் விரலில் கொப்புளம். சின்னக் காயம் என்று யாரிடமும் சொல்லவில்லை. கப்பல் கிளம்பி இரண்டாம் நாள் காய்ச்சல். சாக்ஸைக் கழற்றினால் பாதி பாதம் சிவந்து வீங்கியிருக்கிறது, நாற்றம் வேறு.

நூறு பேரோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு மூன்று நாளைத் தாண்டிய வெளிநாட்டுப் பயணம் போகும் கப்பலில்தான் டாக்டர் கட்டாயம். நாங்கள் இருபத்திரண்டு பேர். அப்புறம் டாக்டர் யார்? மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பான செகண்ட் மேட் அதிகாரியாகிய நான்தான். சிரிக்காதே. ஊசி போட்டுப் பழகிய அந்த ஆரஞ்சுப்பழத்தை நானும் மறக்கவில்லை.

மருந்துப் பெட்டியை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும் என்று சட்டம். எங்கள் பெட்டியும் சோதித்த பெட்டிதான், சான்றிதழ் சுவரில் பளபளவென்று தொங்குகிறது. திறந்தால் சர்க்கரை பார்க்கும் மீட்டர் இருக்கிறது, அதற்கான ஸ்ட்ரிப் காலாவதி. சோதித்தவர் பெட்டியைப் பார்த்தாரா சுவரைப் பார்த்தாரா தெரியவில்லை. கோபத்தில் பாதி என் மேலேயே. மாதா மாதம் எண்ணிக் கையெழுத்துப் போடுவது நான்தானே.

ரோமுக்குப் பேசினோம். 1935லிருந்து நடுக்கடல் கப்பல்களுக்கு வைத்தியம் சொல்லும் சிஐஆர்எம், ரேடியோ மார்க்கோனி முதல் தலைவராக இருந்த அதே இடம். எந்த நாட்டுக் கொடி பறந்தாலும் ராத்திரி பகல் இல்லாமல் இலவச ஆலோசனை கிடைக்க வேண்டும் என்பதும் மாலுமிகள் உரிமைக்கான உலக ஒப்பந்தமான எம்எல்சியில் உண்டு. போட்டோ அனுப்பினேன். டாக்டரம்மா முதலில் கேட்டது, ‘இவருக்குச் சர்க்கரை உண்டா?’ அண்ணாச்சியைக் கேட்டேன். இல்லை என்றார். மறுநாளும் கேட்டேன், தாயார் மேல் சத்தியம் பண்ணினார். ஆன்டிபயாட்டிக் ஓடுகிறது, காய்ச்சல் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி கேபின் கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ‘அண்ணாச்சி, எனக்கும் சுகர் உண்டு’ என்றேன்.

ஆமாம் மக்கா. மூன்று வருஷமாக. உனக்கே இப்போதுதான் சொல்கிறேன். வைட்டமின் பாட்டிலில் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினைப் போட்டு வைத்துக்கொண்டுதான் இரண்டு காண்ட்ராக்ட் முடித்திருக்கிறேன். நீ பிரஷருக்குச் சொல்லிக்கொடுத்த வைத்தியத்தை நான் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன்: ஐந்து நாள் மோர்க்கஞ்சி, காலையும் மாலையும் பீச் ரோட்டில் நடை. வெறும் வயிற்று டெஸ்டில் தப்பித்துவிடலாம். மூன்று மாதச் சராசரி பார்க்கும் டெஸ்ட் வைத்திருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பேன்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் தலையணை உறைக்குள் கையை விட்டு ஒரு அட்டையை எடுத்தார். அதே மாத்திரை. ‘ரிச்சர்ட்ஸ் பேயிலேயே டாக்டரைப் பார்த்திருக்கலாம் தம்பி. ரத்தம் எடுத்துவிடுவார்களே என்றுதான் வாய் திறக்கவில்லை’ என்றார். துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது தாமதமில்லாமல் டாக்டரிடம் போகும் உரிமை அவருக்கு இருந்தது, தம்படி செலவில்லாமல். 2020 கொரோனாவில் நீ பல்வலியோடு துறைமுகம் துறைமுகமாகக் கெஞ்சினாயே, உன்னை இறக்கவிடாதது அந்தந்தத் துறைமுகத்துக்காரன். இவரை யாரும் தடுக்கவில்லை, அவராகவே கதவைச் சாத்திக்கொண்டார்.

ரோமுக்கு உடனே சொன்னேன், கப்பலின் வைத்தியப் பதிவேடான மெடிக்கல் லாக்கிலும் எழுதினேன். கிட்டத்தில் எந்தத் துறைமுகமோ அங்கே இறக்குங்கள் என்றார் டாக்டரம்மா. ஆபீஸிலிருந்து போன், ‘இறக்கியே ஆக வேண்டுமா, இந்தியா வரை தாங்காதா?’ கேப்டன் நல்ல மனிதர். கப்பலை மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் பக்கம் திருப்பிவிட்டுத்தான் பதில் பேசினார். அவசரச் சிகிச்சை வேண்டிய மாலுமியை உடனே இறக்கிக்கொள்ள வேண்டும் என்று 2024 டிசம்பரிலிருந்து துறைமுக நாடுகளுக்கும் கட்டாயமாகிவிட்டது. மொரீஷியஸ்காரர்கள் முரண்டு பண்ணவில்லை. படகு வந்தது, கயிறு கட்டி இறக்கினோம். ஏஜென்ட் கையில் கொடுத்த மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி அந்த வலியிலும் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

இரண்டு விரல் போய்விட்டது. கால் மிஞ்சியது. ஆஸ்பத்திரிச் செலவு, ஊருக்கு விமான டிக்கெட் எல்லாம் முதலாளி கணக்கு. இடிப்பது இனிமேல்தான்.

எங்கள் கப்பல் லைபீரியா கொடி. எம்எல்சியை 2006லேயே முதல் ஆளாக ஏற்றுக்கொண்ட நாடு அது, நம் நாடு 2015ல்தான் ஏற்றது. அதன்படி காயமோ நோயோ தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 16 வாரத்துக்கு வைத்தியமும் சம்பளமும் முதலாளி பொறுப்பு. கரைக்கு வந்த பிறகு முழுச் சம்பளமா பாதியா என்பது நாட்டுச் சட்டத்தையும் கூட்டு ஒப்பந்தத்தையும் பொறுத்தது. ஆனால் அங்கேயே ஒரு விலக்கும் இருக்கிறது: வேலைக்குச் சேரும்போது வேண்டுமென்றே மறைத்த நோய்க்கு முதலாளி பொறுப்பில்லை. அண்ணாச்சி மெடிக்கல் படிவத்தில் ‘மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறார். பொறி விழுந்தது கப்பல் வேலையில், மறைத்தது சர்க்கரை. விரல் எதனால் போனது? இந்த இடுக்கில் கம்பெனி வக்கீல் நுழைந்து உட்கார்ந்திருக்கிறார். சம்பளம் நின்றுவிட்டது. யூனியன்காரர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வக்கீலுக்குக் கிடைத்த சாட்சி என்ன தெரியுமா? நான் எழுதிய லாக். எழுதாமல் இருந்திருந்தால் கால் போயிருக்கும், ஒருவேளை ஆளே போயிருப்பார். எழுதினேன், சம்பளம் போயிற்று. நேற்று அவருக்குப் போன் பண்ணினேன். ‘நீ செய்தது சரிதான் தம்பி’ என்றார். அவர் திட்டியிருந்தால் தூக்கம் வந்திருக்கும்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு என்ன, பிரஷரா சுகரா? எதுவானாலும் இப்போதே நல்ல டாக்டரிடம் காட்டு. மாத்திரையில் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது என்பதற்காகவே சுகர்காரனைக் கடலுக்கு லாயக்கில்லை என்று தள்ளிவிடுவதில்லை. உலகத் தொழிலாளர் அமைப்பும் கடல்சார் அமைப்பும் சேர்ந்து 2013ல் போட்ட வழிகாட்டியைப் படித்துப் பார்த்தேன்: நிலைப்படும் வரை கொஞ்ச காலத்துக்குச் சான்று, கரையோரக் கப்பல் என்று கட்டுப்பாடு இருக்கும், நிலைப்பட்டு வேறு கோளாறும் இல்லையென்றால் வழி திறக்கிறது. இன்சுலின் போடுகிறவர்களுக்குத்தான் ரொம்பக் கெடுபிடி. ஒரு டாக்டர் முடியாது என்றால் வேறொரு தனி டாக்டரிடம் மறுபடி பரிசோதிக்கக் கேட்கும் உரிமையும் எம்எல்சியில் இருக்கிறது. இத்தனை வருஷம் இதில் ஒன்றுகூடத் தெரியாமல் மோர்க்கஞ்சி குடித்திருக்கிறேன், பார்.

வேலை போய்விடாதா என்று நீ கேட்பாய். எனக்கும் அந்தப் பயம்தான். கூரைக்கு இன்னும் இரண்டு லட்சம் வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், மூன்று மாதச் சராசரிக்கு. தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவேன், என்னை உனக்குத் தெரியும். தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. வரும்போது மக்ரூன் வாங்காதே. வாங்கினால் அம்மா கையில் நேராகக் கொடுத்துவிடு, என் கண்ணில் காட்டாதே.

உன்,
ராயப்பன்