இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிகிறது. விளையாட்டுப் போட்டியிலும் கலைத் திருவிழாவிலும் பிள்ளைகள் பள்ளிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தார்கள். அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. விடைத்தாள்கள் பள்ளி திறந்த பிறகு கிடைக்கும். எல்லோருக்கும் பாராட்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பருவத் தொடக்கத்தில் கத்தரி நாற்றும் வெண்டை விதையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது நினைவிருக்கும். பல வீடுகளில் காய்த்து, சத்துணவுக்கும் காய் வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் பூச்சி விழுந்ததும் சில வீடுகளில், வயலுக்கு வாங்கி வைத்த மருந்தில் கொஞ்சம் எடுத்து அடித்திருக்கிறீர்கள். பிள்ளை ஆசையாக வளர்த்த செடி வாடினால் யாருக்கும் மனசு கேட்காது, புரிகிறது. இருந்தாலும் தொட்டிச் செடிக்கு அது தேவையில்லை.

முதலில் எந்தப் பூச்சி என்று பாருங்கள். கத்தரியில் நுனிக்குருத்து மட்டும் தொங்கினால், தண்டுக்குள்ளே புழு துளைத்துப் போயிருக்கிறது. மேலே அடிப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் புழுவுக்குப் படாது. வாடிய இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே நறுக்கி, ஓட்டை விழுந்த காய்களையும் பறித்து, சோப்புத் தண்ணீரில் மூழ்கவைத்து அழியுங்கள். குப்பைக்குழியில் அப்படியே வீசினால் புழு அந்துப்பூச்சியாகி மறுபடி வந்து முட்டையிடும்.

வெண்டை இலை நரம்பு மஞ்சளாக வெளுத்தால் அது வைரஸ் நோய். வெள்ளை ஈ பரப்புவது. அந்தச் செடி தேறாது, தயங்காமல் பிடுங்கிவிடுங்கள். மற்ற செடிகளைக் காக்க, மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடியின் உயரத்துக்குக் கட்டித் தொங்கவிடுங்கள். ஈ வந்து ஒட்டும். தூசி படிந்ததும் துடைத்து, மறுபடி எண்ணெய் தடவ வேண்டும்.

அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சும் கூட்டத்துக்கு வேப்பெண்ணெய் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், சுண்டைக்காய் அளவு காதி சோப்பு. சோப்பை வெந்நீரில் கரைத்து, எண்ணெயை அதில் விட்டு நன்றாகக் கலக்கி, பிறகுதான் மிச்சத் தண்ணீரை ஊற்ற வேண்டும். “வேப்பெண்ணெய் அடித்தோம், இலை கருகிவிட்டது” என்பவர்கள் பெரும்பாலும் எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றியவர்கள். அது மிதந்து, ஒரு செடிக்கு வெறும் தண்ணீரும் இன்னொன்றுக்கு வெறும் எண்ணெயுமாகப் போகும். வெயில் நேரத்தில் அடித்தாலும், சோப்புக்குப் பதில் துணிப்பவுடர் போட்டாலும் இலை கருகும். சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். பூச்சி இருப்பது அங்கேதான். கலக்கியதை அன்றே தீர்த்துவிட்டு, வாரம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். மாவுப்பூச்சிக்கு மட்டும், அதன் மேல் உள்ள மெழுகை முதலில் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

செடியில் எறும்பு ஏறினால் பெரும்பாலும் அசுவினி இருக்கிறது என்று அர்த்தம். அசுவினி கழிக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டை அண்டவிடாது. பொறிவண்டின் புழு கருப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, முதலைக்குட்டி மாதிரி இருக்கும். பயந்து நசுக்கிவிடாதீர்கள், அசுவினியைத் தின்பதே அதுதான். யூரியாவையும் நிறுத்துங்கள். தளதளவென்ற இளந்தளிர் அசுவினிக்கு விருந்து.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளித் தோட்டத்துக்கு அடிக்கலாம் என்று ஒரு பிள்ளை குளிர்பான பாட்டிலில் பூச்சிமருந்தை ஊற்றிப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தது. பக்கத்திலேயே சாப்பாட்டு டப்பா. 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து. காய்கறிகளுக்கு அதை அடிக்கக் கூடாது என்று 2005இலேயே தடை போட்டாகிவிட்டது. எந்த மருந்தையும் தண்ணீர் பாட்டிலிலோ சமையல் பாத்திரத்திலோ ஊற்றி வைக்காதீர்கள். இனி மருந்தோடு வரும் பிள்ளையை, பெற்றோர் நேரில் வந்து பேசிய பிறகே வகுப்புக்கு அனுப்புவோம். இதில் யாருக்கும் விலக்கு கிடையாது.

மருந்தடித்த செடியின் காயைச் சத்துணவுக்கு வாங்கமாட்டோம். “கழுவித்தானே சமைக்கிறோம்” என்று சிலர் கேட்டீர்கள். சில மருந்துகள் செடிக்குள் ஊடுருவிக் காய் வரை போகும், கழுவினால் போகாது. அடித்த பிறகு எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று புட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். வெண்டையோ இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் முற்றிவிடும். அத்தனை நாள் யார் காத்திருக்கிறார்கள்? ஏற்கெனவே அடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளையின் மதிப்பெண்ணில் கைவைக்க மாட்டோம். சொத்தைக் காயாக இருந்தாலும் பரவாயில்லை, மருந்தடிக்காததாக இருக்கட்டும். சொத்தையை நறுக்கி எறிந்துவிட்டுச் சமைக்கச் சத்துணவு அமைப்பாளர் அம்மாவுக்குத் தெரியும்.

நீங்கள் அனுப்பும் காய்களால் பிள்ளைகளின் சாம்பார் ருசிக்கிறது. அதற்கும், விடுமுறையில் பள்ளித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற முன்வந்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. வேப்பெண்ணெய் கிடைக்காதவர்கள் அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு சின்ன புட்டி தருகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்