நெஞ்சில 138, கையில 104

டேய் மச்சான்,

வருசப்பிறப்புக்கு நீ போட்ட மெசேஜுக்கே இன்னும் பதில் போடேல்ல, ஏசு, வாங்குறன். எல்லாரும் சுகம், சிறுபோகம் விதைச்சாச்சு, வீரன் நாய் செத்துப்போச்சு. விசயம் அது இல்ல.

போன மாசம் கச்சானுக்கு இறைக்க மெசின் கயிறை இழுத்தன், மூச்சு எடுக்கேலாமல் கிணத்துக் கட்டில குந்திட்டன். நெஞ்சு, எங்கட பாண்டில சொக்கன் ட்ரம் அடிச்சானே, அதே கோதாரி. ஆஸ்பத்திரியில மிசி நெஞ்சில குழாயை வைச்சு எண்ண 138, கையில நாடி பிடிக்க 104. மனிசிக்கு எண்ணத் தெரியாதெண்டு நினைச்சன். டொக்டர் ரெண்டும் சரியெண்டார். இதயத்தின்ர மேல் அறை ஒழுங்கா அடிக்காமல் நிமிசத்துக்கு 400, 500 தரம் சும்மா நடுங்குதாம், அதில அம்பிட்டது மட்டும் கீழ இறங்கி கீழ் அறை கண்டபாட்டுக்கு அடிக்குதாம். ரெண்டு அடி கிட்டக்கிட்ட விழுந்தா கீழ் அறை நிரம்ப நேரமில்ல, அந்த அடி நெஞ்சில கேக்கும், கைக்கு வந்து சேராது. புட்வால்வு ஒழுகிற மெசின்தான் நான், சத்தம் ஊரைக் கூட்டும், வாய்க்கால் காஞ்சு கிடக்கும். மேல் அறை கடைசியில ஒருக்கா உந்தி நிரப்புறது 20, 30 வீதமாம், அதுவும் போச்சு.

மூலம் எது தெரியுமே? பள்ளிக்கூட நாளையில வந்த மூட்டுக்காய்ச்சல். அது திரும்ப வராமல் இருக்க மாசாமாசம் போட்ட பென்சிலின் ஊசிக்கு நீதானே சைக்கிள்ல ஏத்திக்கொண்டு போறனி. 95 இடப்பெயர்வோட வன்னிக்கு வந்து மரத்துக்குக் கீழ கிடக்கேக்க ஆர் ஊசியை நினைச்சது. அந்தக் காய்ச்சலால இதய வால்வு ஒடுங்கி, ரத்தம் தேங்கி, மேல் அறை பெருத்து, பெருத்ததில இந்த நடுக்கம்.

பயம் அதில்லையடா. நடுங்கிற அறையின்ர மூலையில ரத்தம் நிண்டு உறையுமாம், கட்டி கழண்டு மூளைக்குப் போனா பாரிசவாதம். பெரியப்பு ஒருநாள் விடிய வாய் கோணிக் கிடந்தாரே, அவருக்கும் உதுதானோ எண்டு ராராவா யோசிச்சன். அவற்ர நாடியை ஒருத்தரும் பிடிச்சுப் பாக்கேல்ல மச்சான்.

இப்ப அடியைக் குறைக்க ஒரு குளிசை, ரத்தம் உறையாமல் இருக்க வோபரின். ஐஎன்ஆர் எண்டு ரத்தம் உறையப் பிந்துறதைக் காட்டுற ஒரு எண், அது 2க்கும் 3க்கும் நடுவில நிக்கவேணும், கூடினா ரத்தம் கசியும். கீரை வோபரின்ர வேலையைக் குறைக்குமாம், அதால ஒருநாள் அள்ளித் தின்னுறதும் ஒரு கிழமை விடுறதும் கூடாதாம், ஒரே அளவா தின்னட்டாம். என்ர மனிசி முருங்கையிலை வறையைத் தராசில நிறுக்காத குறை.

நீ தீபாவளிக்குக் கதைக்கேக்க நெஞ்சு பறக்குது, கோப்பி கூடிப்போச்சு எண்டு சிரிச்சனி. இப்ப கைநாடியில விரல் வைச்சு ஒரு நிமிசம் முழுசா எண்ணு, ஒழுங்கா வருதோ எண்டு பார். குழப்பமெண்டா போய் ஈசிஜி எடு, எடுத்திட்டு எனக்கு எழுது. சொக்கனுக்கு மட்டும் சொல்லாத, ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு வருவான்.