மீரா என்று வைக்கலாமா? கயலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்,

மீரா என்ற பெயரை நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்து வீட்டில் சொன்னதும் மூன்று பக்கத்திலிருந்து ஆட்சேபணை வந்ததாக எழுதியிருந்தாய். “மீராபாய் பட்ட கஷ்டம் போதாதா?” என்கிறார் உன் மாமனார். மண்ணடியில் கடை வைத்திருக்கும் உங்கள் வீட்டு ஓனர், “எங்கள்ல அது ஆம்பளைப் பேராச்சே” என்று சிரித்தாராம். ஸ்ரீபெரும்புதூரில் மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் கொரியர் ஒரு நொடி முழித்துவிட்டு, தங்கள் மொழியில் அது பதப்படுத்தி வைத்த பிணத்தின் பெயர் என்றாராம். நீ பயந்துபோய், “சித்தி, சரியான அர்த்தம் எது?” என்று கேட்கிறாய்.

மூன்று பேர் சொன்னதும் சரிதான். ஆனாலும் பெயரை மாற்ற வேண்டியதில்லை. எழுத்துக்கூட்டலை மட்டும் நன்றாக யோசித்து வை. பிற்பாடு தலைவலி வருவது அங்கேதான். பெயர் தேடும் மற்றவர்களுக்கும் உதவட்டுமே என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் குழந்தைப் பெயர்த் தளங்களை மூடி வை. அவற்றில் மீரா என்று தேடினால் ‘கண்ணனின் பக்தை’ என்று வரும். அது சொல்லின் பொருள் இல்லை, அந்தப் பெயரோடு வாழ்ந்த ஒருத்தியின் அடையாளம். காந்தி என்ற சொல்லுக்கு அகிம்சை என்று பொருள் எழுதினால் எப்படி இருக்கும்? (குஜராத்தியில் அது வாசனைப் பொருளும் மளிகையும் விற்பவரைக் குறிக்கும் சொல்.) வடமொழி அகராதியில் ‘மீர’ என்ற சொல்லுக்குக் கடல் என்று ஒரு பொருள் உண்டு. ராஜஸ்தானத்து இளவரசிக்கு அதிலிருந்துதான் பெயர் வந்ததா, பாரசீக ‘மீர்’ என்ற சொல்லிலிருந்து வந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ‘மீ என்றால் மேல், ரா என்றால் இரவு, ஆக மேலான இரவு’ என்று தமிழில் பிரித்துக் காட்ட யாராவது வருவார்கள். ரசித்துவிட்டு அனுப்பிவிடு.

மாமனார் சொல்வது வரலாறு. மேர்த்தா ராஜ்ஜியத்தில் பிறந்த மீராபாய் மேவார் அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, சில ஆண்டுகளிலேயே கணவனை இழந்து, புகுந்த வீட்டாரோடு மோதி, பாடிக்கொண்டே வெளியேறியவர். நஞ்சு கொடுத்த கதையும் உண்டு. ஆனால் இந்தக் கணக்கைப் பார்த்தால் சீதா என்று நம் ஊரில் ஒருத்தி இருக்க முடியுமா? 1925இல் சபர்மதிக்கு வந்து சேர்ந்த ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியின் மகள் மேடலின் ஸ்லேடுக்குக் காந்தி சூட்டிய பெயரும் மீராதான். கெட்ட சகுனம் என்று நினைத்திருந்தால் வைத்திருப்பாரா? மாமனாரிடம் இதைவிட எடுபடுவது 1945இல் எம்.எஸ். நடித்த ‘மீரா’ படம். அந்தப் பாட்டுகளை ஒரு சாயங்காலம் வீட்டில் ஓடவிடு. வாதம் தேவைப்படாது.

ஓனர் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அரபியில் அமீர் என்றால் தலைவர். அது பாரசீகத்தில் ‘மீர்’ ஆகி, பெயருக்கு முன்னொட்டும் பட்டமும் ஆனது. உருதுக் கவிஞர் மீர் தகி மீரின் பெயரில் அது இரண்டு முறை வரும். தென்னாட்டுக்கு வந்தபோது அந்தச் சொல்லுக்கு நம் நாக்குக்கு ஏற்ற வால் முளைத்தது: மீரான், மீரா. நாகூர் ஆண்டவரை மீரான் சாகிபு என்பார்கள். மீரா சாகிப், மீரா உசேன், மீரா மொய்தீன், மீரா ராவுத்தர் எல்லாம் ஆண்கள்தான். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1989இல் பதவியேற்று, 1997 முதல் 2001 வரை நம் கிண்டி ராஜ்பவனில் ஆளுநராக இருந்த எம். ஃபாத்திமா பீவியின் தந்தை பெயர் மீரா சாகிப். ஆக அந்த முதலெழுத்துக்குள் இருந்ததே ஓர் ஆண் மீரா.

இன்னொரு ஆண் மீராவும் உண்டு. சிவகங்கைக் கவிஞர் மீ. ராஜேந்திரன் தன் இனிஷியலையும் பெயரின் முதலெழுத்தையும் ஒட்டி மீரா ஆனார். அன்னம் பதிப்பகம் நடத்தியவர். தமிழ் இலக்கியக் கூட்டத்தில் ‘மீரா’ என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது மீசை வைத்த அவர்தான்.

பெண் குழந்தைக்கு இதனால் என்ன சங்கடம்? ஒன்றுமில்லை. மீரா என்று தனியாக வந்தால் பெண், பின்னால் சாகிபோ மொய்தீனோ ஒட்டினால் ஆண் என்று கேட்பவர்களுக்கே தெரியும். ஒரே தெருவில் இரண்டும் சேர்ந்து இருக்கிற ஊர் நம்முடையது.

இப்போது பிணம்.

கொரியர் சொன்னது உண்மை. கொரிய மொழியில் ‘மிரா’ என்றால் மம்மி, எகிப்தில் துணி சுற்றி வைப்பார்களே, அது. அந்தச் சொல் அங்கே ஜப்பானிலிருந்து போனது. ஜப்பானியர் அதை ‘மீஇரா’ என்பார்கள். ஏறக்குறைய நாம் மீரா என்று நீட்டுகிற அதே ஒலி. ஜப்பானுக்கு அது போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. அவர்கள் மொழியில் ‘மிர்ரா’ என்பது ஒரு பிசின். பிறந்த இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொடுத்தார்கள் என்று மத்தேயு எழுதுகிறாரே, அந்த வெள்ளைப்போளம்தான். எகிப்தில் உடலைப் பதப்படுத்த அதைப் பயன்படுத்தினார்கள். பழைய மம்மியைப் பொடித்து மருந்தாக விற்கும் வியாபாரம் ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் வரை நடந்தது. அந்தக் குழப்பத்தில் பிசினின் பெயர் பிணத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தருகிற சரக்குதான் அந்தப் பிசின்.

ஆனால் அந்தக் கொரியர் பாதியைத்தான் சொன்னார். மிரா என்ற பெயரில் கொரியாவில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ‘மி’ என்ற அசைக்கு அழகு என்று பொருள் வரும் சீன எழுத்தைப் போட்டு எழுதுவார்கள். எதிர்காலம் என்பதற்குக் கொரியச் சொல் ‘மிரே’. அதுவும் பெயராக வருகிறது. ஆகவே கொரியாவில் கவலையே வேண்டாம். ஒரு குழந்தையின் பெயராகக் கேட்கும்போது யாரும் மம்மியை நினைக்க மாட்டார்கள். வீட்டு வாசல் மணியைக் கேட்டு நாம் ரத்தினத்தையா நினைக்கிறோம்?

ஜப்பானில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. அங்கே குறிலும் நெடிலும் நம் மொழியைப் போலவே பொருளை மாற்றும். பள்ளியிலோ வங்கியிலோ பெயரை அவர்கள் எழுத்தில் எழுதச் சொன்னால், ‘மிரா’ என்று இரண்டே எழுத்தில் குறிலாக எழுது. நெடிலாக எழுதினால் வகுப்புப் பையன்கள் விடமாட்டார்கள்.

மற்ற நாடுகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஸ்பானிய மொழியில் ‘மிரா’ என்றால் ‘பார்!’ என்று ஏவல். மெக்சிகோவில் இருந்தால் உன் பெண் ஒரு நாளைக்கு நூறு முறை திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். ரஷ்ய மொழியில் ‘மிர்’ என்றால் அமைதி, உலகம் என்றும் பொருள். மாஸ்கோவில் ‘மிரா’ என்று முடியும் மெட்ரோ நிலையமே இருக்கிறது, அமைதிச் சாலை என்று அர்த்தம். செர்பியாவிலும் குரோஷியாவிலும் மிரா சாதாரணமான பெண் பெயர். அல்பேனிய மொழியில் நல்லது என்பதற்கான சொல்லோடு சேரும். எபிரேயத்தில் ஒளி தருபவள் என்று பொருள்படும் மெயிரா இதற்குப் பக்கத்துப் பெயர். அரபியில் ‘மீரா’ என்றால் வீட்டுக்கு வாங்கிவரும் தானியம், உணவுச் சரக்கு. ஆனால் இன்று துபாயில் கேட்பவர்களுக்கு அமீரா, அதாவது இளவரசி, நினைவுக்கு வரும். புதுச்சேரி அன்னை 1878இல் பாரிஸில் பிறந்தபோது வைத்த பெயரிலேயே மிர்ரா உண்டு. நம் மீராபாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை.

லத்தீனில் மிரா என்றால் வியப்புக்குரியவள். அந்தப் பொருளில் ஒரு விண்மீனுக்கே பெயர். 1596இல் டேவிட் ஃபாப்ரிசியஸ் பார்த்த மீன் ஒன்று சில வாரங்களில் மங்கிக் காணாமல் போனது, பிறகு திரும்ப வந்தது. 1662இல் ஹெவிலியஸ் அதற்கு மிரா என்று பெயரிட்டார். ஏறக்குறைய 332 நாளுக்கு ஒரு சுற்று. உச்சத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியும், மற்ற நாட்களில் தொலைநோக்கி வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணி வாக்கில் சென்னையில் உச்சிக்குச் சற்றே தெற்கே இருக்கும், மழைமேகம் விட்டால்.

சரி, எழுத்துக்கூட்டலுக்கு வருவோம். ஆங்கிலத்தில் இரண்டு வழி. எம் போட்டு இரண்டு இ, ஆர், ஏ என்பது ஒன்று. எம், ஐ, ஆர், ஏ என்பது இன்னொன்று. ஐ போட்டால் அமெரிக்காவில் சிலர் ‘மைரா’ என்று வாசிப்பார்கள். இரண்டு இ போட்டால் ஜெர்மனியில் ‘மேரா’ ஆகிவிடும். (அவர்கள் மொழியில் மேர் என்றால் கடல். வடமொழி அகராதியோடு தற்செயலாக ஒத்துப்போகிறது.) ஜப்பானில் ஐ போட்டால் குறிலாக எழுதுவது எளிது, இரண்டு இ என்றால் நெடிலாக்கிவிடுவார்கள். எல்லா நாட்டுக்கும் பொருந்துகிற கூட்டல் கிடையாது. இந்தியாவிலும் ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் வளரப்போகிறாள் என்றால் இரண்டு இ. ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ வேலை உறுதி என்றால் ஐ. உங்களுக்கு என் ஓட்டு இரண்டு இ-க்கு.

எண் கணிதக்காரரிடம் போவதாக இருந்தால் இதைத் தெரிந்துகொண்டு போ. அவர்கள் கணக்கில் எம் 4, இ 5, ஆர் 2, ஏ 1, ஐ 1. இரண்டு இ போட்டால் கூட்டுத்தொகை 17, அதாவது 8. ஐ போட்டாலும் 4, 1, 2, 1 சேர்ந்து 8. இனிஷியல் சேர்க்காமல் எப்படி எழுதினாலும் சனியின் எண்தான் வரும். அதனால் கடைசியில் இன்னொரு ஏ சேருங்கள், 18 ஆகி 9 வந்துவிடும் என்பார். வேண்டாம். பள்ளியில் ஒருவர் அந்த ஏ-வை விட்டுவிடுவார், ஆதாரில் இன்னொருவர் சேர்ப்பார், பதினெட்டு வயதில் பாஸ்போர்ட் அலுவலகத்தில் இரண்டு பெண்ணாக நிற்பாள். நட்சத்திர எழுத்துப்படி ‘மீ’ மகத்துக்கு உரியது. குழந்தை வேறு நட்சத்திரம் என்று மாமனார் வருத்தப்பட்டால், புண்யாகவாசனத்தில் காதில் சொல்லும் பெயரை நட்சத்திரப்படி வைத்துக்கொள்ளட்டும். ஆவணத்தில் ஒரே பெயர் போதும்.

பிறப்புப் பதிவை 21 நாளுக்குள் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே அனுப்பிவிடுவார்கள். கர்ப்பப் பதிவில் கொடுத்த ஆர்.சி.எச். எண் கைவசம் இருக்கட்டும். பெயர் இல்லாமலே பதிவாகும். பெயர் சேர்க்கப் பிறந்ததிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லை, அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆகவே அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுக்காதே. மாநகராட்சி இணையதளத்திலோ உங்கள் மண்டல அலுவலகத்திலோ சேர்க்கும்போது தமிழ்ப் பெயரையும் எழுத்து எழுத்தாகப் பார். இடையின ர-வுக்குப் பதில் வல்லின ற விழுந்து ‘மீறா’ என்று ஏறிவிட்டால், வரம்பு மீறாதவள் என்று சமாளிக்கலாம்தான். ஆனால் திருத்த அலைய வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்பதால் அதில் விழுந்த பிழை எல்லா இடத்துக்கும் தொடரும். ஒருமுறை சேர்த்த பெயரை முழுதாக மாற்றுவதென்றால் அரசிதழ் வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

இனிஷியலை என்ன செய்வது என்றும் இப்போதே பேசிவிடுங்கள். சான்றிதழில் ஒற்றை எழுத்து இருக்கலாம், பாஸ்போர்ட்டில் அதை விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டால் அமெரிக்க விசாவில் ‘மீரா’ குடும்பப் பெயராகி, அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்ற மூன்றெழுத்து வந்து உட்காரும். பெயர் தெரியாதவள் என்று அர்த்தம். ஐக்கிய அரபு அமீரகமும் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்குக் கெடுபிடி செய்தது. குடும்பப் பெயர்க் கட்டத்தில் மாப்பிள்ளையின் பெயரை முழுதாகப் போடுங்கள், அவருடைய பாஸ்போர்ட்டில் இருக்கிற அதே எழுத்துக்கூட்டலில். அதை எடுத்து ஒருமுறை சரிபார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தி