டிஸ்சார்ஜ் சரிங்க, ஹெட் எங்கே?

ரிவால்வர் தோட்டா செய்கிறவர்களுக்கும், அந்தப் பெட்டியின் மேல் என்ன அச்சடிப்பது என்று முடிவு செய்கிறவர்களுக்கும்,

வணக்கமுங்க. கோயமுத்தூரில் பம்ப் கம்பெனி டெஸ்ட் பெட்டில், அதாவது பம்பை ஓட்டி அளந்து பார்க்கும் மேடையில், முப்பது வருஷம் நின்றவன் நான். வீட்டில் லைசென்ஸோடு ஒரு .32 ரிவால்வர் உண்டு. தேர்தல் அறிவித்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கி வருவேன். ரைபிள் கிளப்பில் எப்போதாவது சுடுவேன். மேக்னம் என்கிற வேகம் கூடின தோட்டாவுக்கும் எனக்கும் ஒட்டுறவே கிடையாது. சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டி விதியிலும் அதற்கு இடமில்லை.

போன வருஷம் டெக்சஸில் இருக்கும் தங்கச்சி மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனிடம் 4 அங்குலக் குழல் வைத்த .357 மேக்னம் இருக்கிறது. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபும் இருக்கிறது. சுட்டது அவன், நோட்டில் எழுதியது நான். "ஏனுங்க மாமா, இங்கயும் வந்து டெஸ்ட் பெட்டா?" என்று சிரித்தான்.

பெட்டியில் போட்டிருந்தது: குண்டின் எடை 125 கிரெய்ன், வேகம் நொடிக்கு 1,450 அடி. பத்து தோட்டா சுட்டோம். சராசரி 1,300-ஐ ஒட்டியே நின்றது. நான் முதலில் சந்தேகப்பட்டது கருவியைத்தான். வெயில் நேராக விழுந்தால் அதன் கண் ஏமாறும். நிழல் மறைப்பு போட்டு, பக்கத்து மேசைக்காரரின் கருவியையும் இரவல் வாங்கி, இரண்டையும் வரிசையாக வைத்து இன்னொரு பத்து. அதே கதை.

150 அடிதானே என்று விடலாம். ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. வேகத்தில் பத்து சதவீதம் குறைந்தால் ஆற்றலில் கிட்டத்தட்ட இருபது போச்சு. ஐந்து எச்பி என்று சொல்லி நாலு எச்பி மோட்டாரை இறக்கிவிட்டால் எங்கள் பக்கத்து விவசாயி சும்மா போவாரா?

நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த 1,450 எங்கோ ஒரு குழலில் நிஜமாகவே வந்திருக்கும். எந்தக் குழலில் என்பதுதான் பெட்டியில் இல்லை. எங்களிடம் ஒருவர் வந்து "இந்த மோட்டார் எவ்வளவு தண்ணி தள்ளும்?" என்று கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டோம். "போர் எத்தனை அடிங்க?" என்போம். நூறு அடியில் கொட்டும் தண்ணீர் எண்ணூறு அடியில் நூலாகத்தான் வரும். அதனால்தான் நேம்பிளேட்டில் ஹெட்டும் (தண்ணீரை ஏற்றும் உயரம்) டிஸ்சார்ஜும் (கொட்டும் தண்ணீரின் அளவு) சேர்ந்தே இருக்கும். குழல் நீளம் போடாத வேகம், ஹெட் போடாத டிஸ்சார்ஜ்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1935-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் முதல் .357-ஐ விற்றபோது குழல் 3½ அங்குலத்திலிருந்து 8¾ வரை கிடைத்தது. ஊரெல்லாம் பேசிய வேகம் அந்த 8¾ அங்குலத்துக்கு உரியது. 3½ வாங்கியவரும் அதே எண்ணைத்தான் மனசில் வைத்திருந்திருப்பார், பாவம்.

அமெரிக்கத் தோட்டாக்காரர்கள் 1926-இல் தரம் நிர்ணயிக்க ஒரு சங்கம் வைத்தார்கள். அதன் பெயரைச் சுருக்கினால் 'சாமி' என்று வருகிறது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதன்படி ரிவால்வர் தோட்டாவை, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் போலவே வாயு கசியவிட்ட 4 அங்குலச் சோதனைக் குழலில் சுட்டுப் பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. இங்கே பூசாரி அவரவர் ரிவால்வர். ஒன்றில் அந்த இடைவெளி ஒரு தாள் கனம், இன்னொன்றில் இரண்டு தாள் கனம். ஒரே நீளக் குழல் இரண்டு ஒரே வேகம் தருவதில்லை.

அதனால் கேட்பது இவ்வளவுதான். வேகத்துக்குப் பக்கத்திலேயே குழல் நீளத்தைப் போடுங்கள். சோதனைக் குழலா, கடையில் கிடைக்கிற ரிவால்வரா என்று ஒரு வார்த்தை. எத்தனை தோட்டா சுட்டீர்கள், கூடியது எவ்வளவு, குறைந்தது எவ்வளவு என்றும் போட்டால் கையெடுத்துக் கும்பிடுவேன். சராசரி மட்டும் சொன்னால் மேடு பள்ளம் தெரியாது. 2 அங்குலத்துக்கும் 6 அங்குலத்துக்கும் தனித்தனி எண் கொடுக்க இடமில்லை என்று சொல்லாதீர்கள். பெட்டியின் பாதியைப் பாயும் புலியின் படம் பிடித்திருந்தது.

அப்புறம், நான் வாங்கும் .32 பெட்டியில் வேகமே போடவில்லை. அதைப் பற்றி இந்தியில் ஒரு கடிதமும் இங்கிலீஷில் ஒரு கடிதமும் எழுதியாயிற்று. பதில் இல்லை. இது மூன்றாவது.

டெக்சஸில் மிச்சம் இருந்த தோட்டாப் பெட்டியில் 1,450-ஐ அடித்துவிட்டு, மாப்பிள்ளை ஸ்கெட்ச் பேனாவால் "4 அங்குலம் – 1,300, மாமா டெஸ்ட்" என்று எழுதி வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
பீளமேட்டிலிருந்து ஒரு பழைய டெஸ்ட் பெட் ஆள்