செயலாளர் ஆண்டறிக்கை 2025: எங்கள் தெருவின் கராஜ் சேல்

தலைவர் அவர்களே, நிர்வாகசபை அங்கத்தவர்களே, பெற்றாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கனடாவில் டொறொன்ரோ நகரின் ஸ்காபரோவில் இயங்கும் எங்கள் பெற்றார் சங்கத்தின் இந்த வருட வேலைகளை ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். ஜனவரியில் பொங்கல் விழா வழமைபோல நடந்தது. சனிக்கிழமை வீட்டுப்பாட உதவி வகுப்பு தடையில்லாமல் நடந்தது. அதை முன்னின்று நடத்திய ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு நன்றி. வரவு செலவு பொருளாளர் அறிக்கையில் வருகிறது. ஆகவே எனக்குத் தந்த நேரத்தை இந்த வருடம் புதிதாகச் செய்த ஒரு காரியத்துக்கே எடுத்துக்கொள்கிறேன். அது மே மாதம் தெருவிலுள்ள மற்றப் பெற்றாருடன் சேர்ந்து நாங்கள் வைத்த கராஜ் சேல், அதாவது வீட்டில் பாவித்த சாமானை வாசலில் வைத்து விற்கும் விற்பனை.

இந்த யோசனை வந்தபோது எல்லோரும் உடனே சரி சொல்லவில்லை. பாவித்த சாமானை வாசலில் பரப்பி வைத்தால் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று சிலர் தயங்கினார்கள். அன்றைக்குப் பேரப்பிள்ளையோடு வந்திருந்த ஒரு அம்மம்மாதான், "பிறந்த பிள்ளைக்கு நாங்கள் முதல் போடுறது பழந்துணிதானே, புதுசு உடம்பில உரஞ்சும்" என்றார். அதற்குப் பிறகு பேச்சு எந்தத் திகதியில் வைப்பது என்பதற்குப் போய்விட்டது. உண்மையில் இந்த ஊரில் பிள்ளை வளர்க்கும் எவருக்கும் இது தெரியும்: பனியில் போடும் ஒரு ஸ்னோசூட் ஒரு குளிர்காலத்துக்குத்தான் அளவாக இருக்கும், ஸ்கேட் சப்பாத்தும் அப்படித்தான். அடுத்த பிள்ளை இல்லாத வீட்டில் அதெல்லாம் வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்டில் கிடக்கிறது. மூன்று வீடு தள்ளி ஒரு தாய் அதே அளவை முழு விலை கொடுத்து வாங்குகிறாள்.

மே மாதம் விக்டோரியா தின விடுமுறையோடு வரும் நீண்ட வார இறுதியில் பலர் வெளியூர் போய்விடுவார்கள் என்பதால் அடுத்த சனிக்கிழமையைத் தெரிந்தோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிற ஸ்டிக்கர். விற்ற சாமானின் ஸ்டிக்கரைக் கழற்றிக் கொப்பியில் ஒட்டினோம். பின்னேரம் கணக்குப் பிரிக்கும்போது ஒரு சச்சரவும் வரவில்லை. மடக்கு மேசைகளைத் தந்தது எதிர்வீட்டுக் கயானாக் குடும்பம். அறிவித்தலைத் தன் மொழியிலும் எழுதி ஒட்டியவர் ஒரு பிலிப்பினோத் தாய். உணவு விற்பதென்றால் சுகாதாரப் பகுதியின் விதிகள் தனியாக இருப்பதால் தேநீரும் றோல்ஸும் விற்பனைக்கு வைக்கவில்லை, வேலை செய்தவர்களுக்கு மட்டும் கொடுத்தோம். தமிழ் அரிச்சுவடிகளுக்கும் கதைப்புத்தகங்களுக்கும் விலை போடவில்லை. கேட்ட பிள்ளைகளுக்குச் சும்மா கொடுத்தோம்.

விளையாட்டுச் சாமான் மேசையைப் பிள்ளைகளே பார்த்தார்கள். ஒரு சிறுமி தன்னுடைய பஸிலை வாங்க வந்தவருக்கு முன்னால் பெட்டியைக் கவிழ்த்து, துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதிப்படுத்திய பிறகே காசை வாங்கினாள். அந்த மனிதரும் பொறுமையாகக் குனிந்து நின்று கூடவே எண்ணினார்.

இனி நான் கூடுதலாகச் சொல்ல விரும்புவது பரிசோதனை மேசையைப் பற்றி. கனடாவில் கராஜ் சேலில் ஒரு பொருளை விற்கிறவருக்கும் கடைக்காரருக்கு உள்ள பொறுப்பு உண்டு. வாசலில் வைத்து இரண்டு டொலருக்கு விற்றாலும் பாதுகாப்பு விதிக்கு அமைவான பொருளைத்தான் விற்கலாம். ஆகவே பிள்ளைகளுக்கான எந்தச் சாமானும் அந்த மேசையைத் தாண்டித்தான் விற்பனைக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்தோம். பாதுகாப்புக் குறையால் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட பொருட்களின் பட்டியலை மத்திய அரசின் சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடா இணையத்தில் வைத்திருக்கிறது. மாதிரி இலக்கத்தை அதில் தட்டிப் பார்க்க ஒரு அப்பாவும் அவருடைய மகளும் காலையிலிருந்து இருந்தார்கள்.

அதிகம் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது குழந்தைகளின் வாக்கருக்குத்தான். குழந்தையை உள்ளே இருத்தி, கீழே சில்லு பூட்டியிருக்கும் அந்த வாக்கரை 2004 ஏப்ரலிலேயே கனடா தடை செய்துவிட்டது. உலகத்தில் முதலில் தடை செய்த நாடு இதுதான். விற்பதும் விளம்பரம் செய்வதும் வெளியிலிருந்து கொண்டுவருவதும் குற்றம். காரணம் படிக்கட்டு. குழந்தை கண்மூடித் திறப்பதற்குள் வாக்கரோடு பேஸ்மென்ட் படியடிக்குப் போய்விடும், பக்கத்தில் தாய் நின்றாலும் எட்டிப் பிடிக்க முடியாது. எங்களுடைய வீடுகளில் அநேகமாக எல்லாவற்றிலும் அந்தப் படி இருக்கிறது. கொழும்பிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த வாக்கரை ஒரு தாத்தா தூக்கிக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் தானே ஸ்க்ரூட்ரைவர் கேட்டு வாங்கிச் சில்லுகளைக் கழற்றி, இருக்கைத் துணியையும் வெட்டிவிட்டார். அப்படியே குப்பையில் வைத்தால் வேறு யாரும் எடுத்துப் பாவிப்பார்கள் அல்லவா? அந்த நேர்மைக்கு இந்தச் சபையில் அவருக்கு நன்றி சொல்கிறேன். பிள்ளை பின்னால் நின்று தள்ளிக்கொண்டு நடக்கும் எங்கள் மர நடைவண்டி இந்தத் தடைக்குள் வராது. அது வேறு சாமான்.

பிள்ளைகளைக் காரில் இருத்தும் கார் சீட் எதையும் நாங்கள் விற்கவில்லை. ஒவ்வொன்றிலும் காலாவதித் திகதி இருக்கிறது, அதைப் பார்க்கலாம். ஆனால் அது ஒரு விபத்தில் அடிபட்டதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. எல்லையைத் தாண்டி அமெரிக்காவின் பஃபலோவில் மலிவாக வாங்கியவற்றில் கனடாவின் மேப்பிள் இலைப் பாதுகாப்பு முத்திரை இல்லை, அதனால் அவற்றை இங்கே பாவிக்கவே கூடாது. ஒரு பக்கம் இறங்கும் தொட்டிற் கட்டில்களையும் திருப்பி அனுப்பினோம். 2016 டிசம்பர் முதல் அவற்றுக்கு அனுமதி இல்லை. மெத்தைகளை மூட்டைப்பூச்சிப் பயத்தால் எடுக்கவில்லை. சிலருக்கு இது மனவருத்தமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். என்றாலும் இந்த மேசை இல்லாமல் இனி ஒரு விற்பனையும் வைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாங்கிக்கொண்டு போவது எங்கள் தெருப் பிள்ளைக்கு.

மிஞ்சிய விளையாட்டுச் சாமான்களும் புத்தகங்களும் மாநகரசபையின் சுற்றுச்சூழல் தினத்தில் கொடுக்கப்பட்டன.

ஒரு குறை எல்லோர் கண்ணிலும் பட்டது. சைக்கிளும் கோடை உடுப்பும் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டன. ஜக்கெற்றும் பூட்ஸும் ஸ்கேட்டும் அப்படியே இருந்தன. மே மாத வெயிலில் ஸ்னோசூட்டை யார் தூக்கிப் பார்ப்பார்கள்? இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ புதிதாக வந்த குடும்பத்துக்கு ஒரு குளிர்காலத்துக்கு என்னென்ன வேண்டும் என்று மே மாதத்தில் தெரியாது. செப்டெம்பரில் பாடசாலை தொடங்கி, முதல் குளிர் காற்று அடித்த பிறகுதான் ஓடித் திரிவார்கள். அப்போது எங்களிடம் சாமான் இருக்க வேண்டும்.

ஆகவே இந்தத் தீர்மானத்தை முன்மொழிகிறேன். வரும் வருடம் மே விற்பனையில் குளிர்காலச் சாமான்களைச் சேர்க்க மட்டும் செய்வோம், விற்க வேண்டாம். தோய்த்து உலர்த்தி, அளவு எழுதி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் வைப்போம். கறுப்புக் குப்பைப் பைகளில் வேண்டாம். ஈரம் பிடிக்கும், குப்பையென்று எறியவும்படும். செப்டெம்பர் மூன்றாவது சனிக்கிழமை இரண்டாவது விற்பனை. புதிதாக வந்த குடும்பங்களுக்கு முதல் ஒரு மணித்தியாலம் ஒதுக்குவோம். பெட்டிகளை வைக்க மழை ஒழுகாத ஒரு கராஜ் மூலை கோடை முழுவதும் தேவை. தரக்கூடியவர்கள் இன்று போகுமுன் என்னிடமோ பொருளாளரிடமோ பெயரைத் தாருங்கள்.

நன்றி.
செயலாளர்